கோடு தெரியாத வண்டி

சித்த நகந்து உக்காருங்க தம்பி, முழங்கால் இடிக்குது. ம்ம், போதும் போதும். நான் கருக்கம்பாளையம் வரைக்கும் போறனுங்க.

அது என்னங்க போன்ல, கரண்டு கார் வீடியோவா? வாங்கப் போறீங்களா? வாங்காதீங்க. சரி, வாங்கித்தான் ஆவேன்னா வாங்குங்க. ஆனா ரோட்டுல போட்ட கோட்டுக்குள்ள தானா ஓடும், தானா பிரேக் போடும்னு விளம்பரத்துல காட்டுறானுங்களே, அந்தச் சமாச்சாரம் இல்லாத வண்டியாப் பாத்து வாங்குங்க. அதுனாலதான் நான் இன்னிக்கு டிக்கெட் எடுத்து உங்க பக்கத்துல உக்காந்திருக்கறன்.

பேரு தெய்வசிகாமணிங்க. தெய்வசிகாமணி அண்ட் கோ. கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லீங்களா? சரி, நீங்க வெளியூரு. இந்தச் சுத்துவட்டாரத்துல முக்காவாசி ரோடு நாம போட்டதுதான். இப்ப ஒரு குலுக்கு குலுக்குச்சே, அது நம்மது இல்லீங்க, அது வேற ஆளு. நம்ம ரோடு இன்னும் வரோணும்.

அந்த மாதிரி வண்டி மேல எனக்கொண்ணும் ஆசை இல்லீங்க. எங்க சம்பந்தி ஒண்ணு வாங்கிப்போட்டாரு. என்ற புள்ளயக் கட்டுன மாப்ளையோட அப்பா, பொள்ளாச்சிப் பக்கம். ஒரு நாளு என்னைய அதுல ஏத்திக்கிட்டு பைபாஸ்ல போறாரு. போறவரு ஸ்டீரிங்குல இருந்து ரெண்டு கையையும் எடுத்துப்போட்டு, கடலைமுட்டாய் பொட்டலத்தப் பிரிக்கறாரு. வண்டி பாட்டுக்குப் போகுது. வளைவு வந்தா வளையுது. "பாத்தீங்களா சம்பந்தி, அதுவே பாத்துக்கும்"னு எனக்கொரு முட்டாய நீட்டறாரு. தொண்டையில எறங்குங்களா அந்த முட்டாய்? அடுத்த வாரமே கோயமுத்தூரு போய், அவருதவிட ஒரு படி மேல இருக்கற வண்டியா எடுத்துப்போட்டன்.

என்ற சம்சாரம் பேர்லதான் எடுத்தன். வசந்தாமணி. காண்ட்ராக்ட் தொழில்ல இருக்கறவங்களுக்கு அதானுங்க வசதி. ஊடு, ஜல்லி கிரசர், ரெண்டு லாரி, எல்லாமே அவ பேர்லதான். என்னென்ன இருக்குதுன்னு அவளுக்கே தெரியாது. அவ்வளவு நிம்மதியா வெச்சிருந்தன் அவளை.

வண்டி வந்தன்னிக்கே நாம செய்ய வேண்டியதச் செஞ்சன். முன்னாடி நல்ல கனத்துல ஒரு இரும்பு கார்டு மாட்டுனன். அந்த பம்பர் பிளாஸ்டிக்கு, கன்னுக்குட்டி முட்டுனா ஒடஞ்சுபோகும். அப்பறம் முன்கண்ணாடி மேல, நட்டநடுவுல, தங்கக் கலர்ல 'தெய்வசிகாமணி அண்ட் கோ'ன்னு ஸ்டிக்கர். தூரத்துல வர்றப்பவே யாரு வண்டின்னு தெரியோணுமில்ல. பூஜை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ரோட்டுக்கு எறக்கறன். எறக்குன ஒடனே டிங்கு டிங்குன்னு மணி. ஸ்கிரீன்ல மஞ்சளா எழுத்து ஓடுது.

வசந்தாமணிதான் படிச்சா. அவ பி.காம். "முன்னாடி கேமரா மறைஞ்சிருக்குதாங்க. ரேடாருக்குச் சரியாத் தெரியலியாமாங்க. ஓட்டுநர் உதவியெல்லாம் இப்பச் சரியா வேலை செய்யாதாமாங்க"ன்னா.

"வண்டி பேசறதையெல்லாம் எனக்கு ஒப்பிக்காத"ன்னன். வண்டியை நிறுத்தி, பூட்டி, கொஞ்ச நேரம் கழிச்சுத் தொறந்தன். டிவிப்பொட்டிக்கு அப்படித்தானே செய்யறோம். மறுக்கா டிங்கு டிங்கு. கழுவிப் பாத்தன். டிங்கு டிங்கு. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டா, ஒரு பையன் "சார், அது எர்ரர் இல்ல சார், ஃபீச்சர்"ங்கறான். நான் நாப்பது வருசமா ரோடு போடறன் தம்பி. குழி விழுந்தா நானும் அதிகாரிககிட்ட அப்படித்தான் எதையாச்சும் சொல்லுவன். எங்கிட்டயேவா?

அவ கார்ல வந்த புஸ்தகத்த எடுத்து வெச்சுக்கிட்டு சோத்துக்கு உக்காந்தப்பக்கூட படிச்சா. "ஏனுங்க, அந்த ஸ்டிக்கர் இருக்கற எடத்துலதான் கேமரா இருக்குது, அந்த இரும்பு கார்டுக்குப் பின்னாலதான் ரேடார் இருக்குதுங்க"ன்னா. பொம்பளைக்கு வண்டியப்பத்தி என்னங்க தெரியும்னு நான் காதுலயே வாங்கலை.

அடுத்த நாளு ஒரு கல்யாணத்துக்குப் போறோம். ரோடு காலியாக் கெடக்குது. திடீர்னு வண்டி தானாக் கிரீச்சுனு பிரேக்கப் போட்டுச்சு பாருங்க! முன்னால ஒரு ஈ காக்கா இல்லை. பின்னால வந்த மொபெட்டுக்காரன் தயிர்க் கேனோட வந்து டிக்கியில மோதிட்டான். ரோடெல்லாம் தயிரு. வசந்தாமணிக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. அவ பட்டை கட்டிக்கிட்டு பல நாளு திரும்ப முடியாம இருந்தா. அதுனாலதான் அவ கோவிச்சுக்கிட்டு ஊட்ட விட்டுப் போயிட்டான்னு நான் இன்னமும் நெனைக்கறன். அவ வேற சொல்றா. அது வேற.

கோயமுத்தூரு சர்வீசுக்குக் கொண்டு போனன். உள்ள போனா ஏசி, காபி, பெரிய டிவி. ரிஸ்வானான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. இஞ்சினியரு. கையில லேப்டாப்பு. இந்த மாதிரி கோளாறுக்குன்னே அதுதான் ஆளாமா. வண்டியச் சுத்தி ஒரு சுத்து வந்துச்சு. கண்ணாடியப் பாத்துச்சு. என்னையப் பாத்துச்சு.

"சார், கேமராவுக்கு உங்க பேரைத் தவிர வேற ஒண்ணும் தெரியல சார்"னுச்சு.

பக்கத்துல இருந்த மெக்கானிக் பையனுக எதுக்கோ சிரிச்சானுங்க. நான் கண்டுக்கலை.

ஸ்டிக்கரக் கிழிச்சாங்க. கார்டக் கழட்டுனாங்க. "முன்னால இரும்பு மறைச்சா, ரேடார் குழம்பிடும் சார். லாரி நிக்குதுன்னு நெனச்சுப் பிரேக் போடும். இதெல்லாம் மாட்டவே கூடாது"ன்னுச்சு. டயர்ல காத்து பாத்தாங்க. வீல் அலைன்மென்ட் பாத்தாங்க. சாஃப்ட்வேர் போட்டாங்க. ஒரு பெரிய அட்டையில கட்டம் கட்டமாப் போட்டு வண்டிக்கு முன்னால நிறுத்தி, கண் டாக்டரு எழுத்துப் படிக்கச் சொல்றாப்புல கேமராவ உத்துப் பாக்க வெச்சாங்க. பிரேக்கு, ரேடார் எல்லாம் சரியாப் போச்சுங்க. அத ஒத்துக்கோணும். ஆனா அந்தக் கோட்டுச் சமாச்சாரம் மட்டும் ஸ்கிரீன்ல பச்சைக்கு வரவே இல்லை. ஊருக்கு ஓட்டிட்டு வந்தா, நம்ம ரோட்டுல கால் வெச்ச ஒடனே, 'கோடு தெரியவில்லை, கோடு தெரியவில்லை'ன்னு ஸ்கிரீன்ல ஓடுது. சம்பந்தி வண்டிக்கு மட்டும் தெரியுது. என்ற வண்டிக்குத் தெரியலை. குருட்டு வண்டிய என்ற தலையில கட்டிட்டானுங்க!

விடுவனா? தினமும் போன். மேனேஜர் என்ற கால்ல விழாத கொறை. கடைசீல அந்த ரிஸ்வானாவையே ஊருக்கு அனுப்பி வெச்சாங்க. "ரோட்டுல ஓட்டித்தான் சார் கேமராவப் பழக்கோணும். ரெண்டு பக்கமும் நல்லாக் கோடு தெரியற ரோடாப் பாத்து, ஒரே வேகத்துல கொஞ்ச நேரம் ஓட்டுனாப் போதும். ஸ்கிரீன்ல நூறு வந்தா முடிஞ்சுது"ன்னுச்சு.

"நல்ல ரோடுதானே கண்ணு வேணும்? வா, நான் காட்டறன்"னன். கருக்கம்பாளையத்துல இருந்து மொட்டப்பாறை வழியா வேலாங்காடு போற ரோடு. நம்ம ரோடுகள்லயே ராசாவாட்டம் ரோடு அது. தெறப்பு விழாவுக்குப் பெரிய பெரிய ஆளுக வந்து, மேடை போட்டு, எனக்குப் பொன்னாடை போத்துனாங்க.

அந்தப் பொண்ணு ஓட்டுது, நான் முன்னால, வசந்தாமணி பின்னால. கழுத்துப் பட்டையோட வந்தே தீருவன்னு ஏறிக்கிட்டா. அவளுக்கும் அந்தப் பொண்ணுக்கும் நல்லாப் போச்சு. அவ புஸ்தகத்துல அடிக்கோடு போட்டு வெச்சிருந்ததெல்லாம் கேக்கறா, அது பதில் சொல்லுது.

விழா நடந்த எடத்துல இருந்து ஆரம்பிச்சோம். ஆரம்பிச்ச ஒடனே நம்பர் ஏறுது. ஒண்ணு, ரெண்டு, நாலு. "பாத்தியா கண்ணு!"ன்னன். புளியமரத்தத் தாண்டுனோம். நின்னு போச்சு.

"சார், கோடு முடிஞ்சிருச்சு."

"அதெப்படிம்மா முடியும்? ரோடு முடியற வரைக்கும் கோடு இருக்கும். அளவெடுத்து பில்லு பாஸான கோடு அது."

"கேமராவுக்குத் தெரியல சார்."

"உனக்குத் தெரியுதா?"

அது கொஞ்ச நேரம் ரோட்டப் பாத்துச்சு. "எனக்கும் தெரியல சார்."

"ஒருக்கா கண்ணாடிக் கடைக்குப் போய் பவர் பாத்துக்க சாமி"ன்னன்.

பின்னாலிருந்து வசந்தாமணி, "எனக்குந் தெரியலீங்க"ன்னா.

நீங்களே சொல்லுங்க தம்பி. தெறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனுசரு காரு அந்தப் புளியமரம் வரைக்கும்தான் போய்த் திரும்புச்சு. அவரு பாக்கற வரைக்கும் கோடு போட்டாச்சு. அதுக்கு அக்கட்டால யாரு பாக்கப் போறா? ஊர்க்காரனுக்கு அவன் ரோடு தெரியாதா? மாட்டு வண்டி போற ரோட்டுல கோடு எதுக்கு? இதெல்லாம் தொழில்ல இருக்கறதுதான். எல்லாரும் செய்யறதுதான். இதப்போயி ஒரு கார் கண்டுபுடிச்சுச் சொல்லுதுன்னா, அந்தக் கார்ல என்னமோ கோளாறுன்னுதானே அர்த்தம்?

ரெண்டு தரம் போய்ப் போய் வந்தோம். நாலுலயே நிக்குது நம்பரு. மூணாந்தரம் மொட்டப்பாறை வளைவுக்குப் போறப்ப, ஸ்கிரீன் ஒரு சத்தம் போட்டுச்சு. அந்தப் பொண்ணு வேகத்தக் கொறச்சு வளைச்சுது. அப்பத்தான் வசந்தாமணி, "கண்ணு, இங்க ஒரு நிமிசம் நிறுத்து சாமி"ன்னா.

எறங்கிப் போயி ரோட்டு ஓரத்துல நின்னா. அங்க ஒரு பாலம், பாலத்துக்குக் கீழ ஓடைப் பள்ளம். பள்ளத்தையே பாத்துக்கிட்டு நின்னா.

என்னன்னு உங்களுக்குச் சொல்லோணுமில்ல. அவளுக்கு ஒரு தம்பி, மயில்சாமி. இந்தக் கருக்கம்பாளையத்துலதான் இருக்கறான். கொப்பரைக் களம் வெச்சிருக்கான். நாம ரோடு போட்ட அந்த வருசம், பொழுதோட, இருட்டுக் கட்டறப்ப, நல்ல மழையில, வண்டியில வந்தவன் வளைவுல திரும்பாம நேரா அந்தப் பள்ளத்துல போயிட்டான். ஒரு காலு போச்சு. முழங்காலுக்குக் கீழ. குடிச்சிருப்பான். வேற என்னங்க? அத்தன நாளா வந்து போற வளைவு, திரும்பாம நேரா எவனாச்சும் போவானா? ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட நான்தான் சொன்னன், பையன் குடிச்சிருந்தான்னு. ஸ்டேசன்லயும் நான்தான் போயி பேசுனன். அப்படிச் சொல்லலீன்னா என்னாகும்? ரோட்டப் பாக்க ஆளுக வருவாங்க, கேஸு, கோர்ட்டு. ஒத்தக் காலோட பாவம் அவன் எத்தன நாளு கோர்ட்டுக்கு அலைவான்? அவன் நல்லதுக்குத்தான் அத ஒரு வழியா முடிச்சு வெச்சன். இதுவரைக்கும் ஒரு நன்றி சொன்னதில்லைங்க அவன். போச்சாது, அத விடுங்க.

எங்க விட்டன்? ஆங், பள்ளம். நின்னவ திரும்பி வந்து அந்தப் பொண்ணுகிட்டக் கேக்கறா. "கண்ணு, மழையில, இருட்டுக் கட்டறப்ப, இந்த வண்டிக்கு இந்த வளைவு தெரியுமா?"

"ஓரத்துல கோடு இருந்தாத் தெரியுங்கம்மா. இல்லீன்னா ரோடு நேராப் போகுதுன்னு நெனச்சுக்கும்."

"மனுசனுக்கு?"

அந்தப் பொண்ணு லேப்டாப்ப மூடி வெச்சுது. அப்பறம் மெதுவா, "மனுசனும் அப்படித்தாங்கம்மா"ன்னுச்சு.

அதுக்கப்பறம் அந்தப் பொண்ணு வண்டிய பைபாஸுக்கு ஓட்டிட்டுப் போச்சு. அங்க போயி பத்து நிமிசத்துல நூறு வந்துருச்சு. எல்லாம் பச்சை. ஸ்டீரிங்க விட்டா வண்டி தானாப் போகுது. நான் ஒடனே சம்பந்திக்கு வீடியோ கால் போட்டன். திரும்பிப் பாத்து "வசந்தா, நீயும் ஒரு வார்த்தை பேசு"ன்னா, அவ வெளியில பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. கழுத்துச் சுளுக்கு, திரும்ப முடியலையாட்ட இருக்குதுன்னு நானும் விட்டுப்போட்டன்.

அடுத்த நாள் காலையில சாவிய எடுத்தா. "மயிலு ஊட்டுக்குப் போறனுங்க"ன்னா.

"டிரைவரக் கூப்படறன் இரு"ன்னன்.

"நானே ஓட்டிக்கறனுங்க"ன்னா.

லைசென்சு அவளுக்கு இருக்குது. என்னைக்கோ நான்தான் வாங்கிக் குடுத்தன். ஆனா ஓட்டத் தெரியும்னு எனக்குத் தெரியாதுங்க. அப்படியே பின்னால எடுத்து, கேட்டுல ஒரு ஓரம் உரசாம, வெளிய போயிட்டா. எனக்குன்னா தெருமுனை தாண்டறதுக்குள்ள டிங்கு டிங்குங்கும். அவளுக்கு ஒரு சத்தம் போடலை அந்த வண்டி. இப்பச் சொல்லுங்க, அதுல கோளாறு இருக்குதா இல்லையா?

சாயங்காலம் வந்துருவான்னு பாத்தன். வரலை. மறுநாளும் வரலை. ஊட்டுல காபித்தூள் எங்க இருக்குதுன்னு தேடவே எனக்குப் பாதி நாளு ஆச்சு. போன் போட்டா, "சாப்புட்டீங்களா"ன்னு கேக்கறா, வெச்சுடறா. சரின்னு நானே போனன்.

மயில்சாமிதான் கதவத் தொறந்தான். "வாங்க மாமா"ன்னான். மரியாதைக்காரன், அதுல கொறை சொல்ல முடியாது. கட்டைக்கால மாட்டிக்கிட்டு, சமையக்கட்டுக்குப் போயி, ரெண்டு டம்ளர் காபிய அவனே தாங்கித் தாங்கிக் கொண்டு வந்தான். நான் எந்திரிச்சு வாங்கப் போனன். "உக்காருங்க மாமா, எனக்குப் பழக்கம்தான்"னான். ஒரு சொட்டு சிந்தலை.

வசந்தாமணி எதுத்தாப்புல வந்து உக்காந்தா. கழுத்துல பட்டை இல்லை. நல்லாத்தான் இருந்தா.

"அன்னிக்கி அவன் குடிக்கலீங்க"ன்னா.

"யாரு சொன்னா குடிச்சான்னு?"ன்னன்.

"நீங்கதான் சொன்னீங்க. டாக்டர்கிட்டச் சொன்னீங்க. போலீஸ்காரர்கிட்டச் சொன்னீங்க. அப்பறம் ஊரெல்லாம் சொல்லுச்சு. நானும் நம்புனன். என்ற தம்பிகிட்ட இத்தன வருசத்துல ஒருக்காக்கூட நான் கேக்கலை, நீ குடிச்சிருந்தியாடான்னு."

அவன் சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கறான். அட, சோடாக் கலர் ரெண்டு மடக்குக் குடிச்சாலே நெஞ்செரிச்சல்னு படுத்துக்கற பயலுங்க அவன். எனக்குத் தெரியாதா? என்ற கல்யாணத்துலயே பாத்திருக்கறன். குடிச்சிருந்தான்னு சொன்னது ஒரு பேச்சுக்குங்க. இத்தன வருசம் கழிச்சு ஒரு கார் வந்து கெளறி விடும்னு யாரு கண்டா?

"சரி, இப்ப என்ன பண்ணோணுங்கற?"ன்னன்.

"ஒண்ணும் பண்ண வேண்டாங்க. காபி ஆறுது, குடிங்க"ன்னா.

அவ்வளவுதான். குடிச்சுப்போட்டு வந்துட்டன்.

அடுத்து என்ன செஞ்சா தெரியுங்களா? டீக்கடையில ஒருத்தன் சொல்லித்தான் எனக்கே தெரியும். சுவத்துல விளம்பரம் எழுதற ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு, ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட்டோட, விடியக்காலம் மொட்டப்பாறை வளைவுக்குப் போயிருக்கா. கயிறு புடிச்சு, சுண்ணாம்புல குறி வெச்சு, வளைவு முழுக்க ஓரக்கோடு இழுத்திருக்காங்க. மயில்சாமி ஒரு முக்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டு, செவப்புத் துணிய ஆட்டி வண்டிகள ஒதுக்கி விட்டானாம். என்ற பொண்டாட்டிங்க! தெய்வசிகாமணி அண்ட் கோ பொண்டாட்டி, ரோட்டுல குந்தி கோடு போடறா! எனக்கு எப்படி இருக்கும்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆள் வெச்சுப் போட்டுக் குடுத்திருக்க மாட்டனா? அந்தப் பக்கத்து அதிகாரி ஒருத்தரு வந்து பாத்தாராமா. திட்டுவாருன்னு பாத்தா, போட்டோ எடுத்து, பணி முடிஞ்சுதுன்னு மேல அனுப்பிச்சுட்டாராம். அவராவது தொழில் தெரிஞ்ச மனுசன்.

இருங்க, இருங்க, கம்பியப் புடிச்சுக்கங்க. இது நம்ம ரோடு. குலுங்கறது ரோடு இல்லீங்க, பஸ்ஸோட ஸ்பிரிங்கு.

சரியாப் போட்டிருப்பாளான்னு பாக்கோணும்னு எனக்கொரு இது. போன வாரம், பொழுதோட, ஸ்கூட்டர எடுத்துக்கிட்டுக் கெளம்புனன். அவளையும் பாத்துப்போட்டு வரலாம்னு. பாதி வழியில புடிச்சுது பாருங்க மழை. மூக்குக்கண்ணாடியில தண்ணி. ரோடு கருப்பு, வானம் கருப்பு. எதுக்க ஒரு லாரி, ரெண்டு லைட்டையும் முழுசாப் போட்டுக்கிட்டு வர்றான். ஒண்ணுமே தெரியலீங்க. எங்க இருக்கறம்னே தெரியலை. கீழ பாத்தன். டயருக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு கோடு, இப்படி இடது பக்கமா வளையுது. அதையே புடிச்சுக்கிட்டு நானும் வளைஞ்சன். லாரி போச்சு. தண்ணியடிச்சுட்டுப் போச்சு.

நிறுத்திப் பாத்தா பாலத்தத் தாண்டி நிக்கறன். கீழ ஓடையில தண்ணி போற சத்தம் கேக்குது.

கோட்டப் பாத்துத் திருப்புனன்னு சொல்லலை. நாப்பது வருசமா வண்டி ஓட்டறன், எனக்குத் தெரியாத வளைவா? நேராப் போயிருந்தாலும் சுதாரிச்சிருப்பன். அது வேற. தொப்பலா நனைஞ்சு போயிட்டன். குளிரு. கருக்கம்பாளையம் போகாம, பஸ் ஸ்டாப்பு கூரைக்குக் கீழ ஸ்கூட்டர நிறுத்திப்போட்டு, மழை விட்டதுக்கப்பறமும் ரொம்ப நேரம் உக்காந்திருந்தன். அப்பறம் ஊட்டுக்கே திரும்பிட்டன். வண்டிய உருட்டிக்கிட்டேதான் அந்த வளைவைத் தாண்டுனன். அதுல இருந்து பஸ்ஸுதானுங்க.

அந்தா! அந்தா பாருங்க, மொட்டப்பாறை. சன்னலுக்கு வெளிய, கீழ. தெரியுதுங்களா? தெரியுதில்ல? கோணலாப் போகுது பாருங்க. ஒரு எடத்துல அகலம், ஒரு எடத்துல ஒல்லி. சுவத்துக்கு அடிக்கற பெயிண்ட்டு அது. ஒரு மழைக்காலம் தாங்கும், மிஞ்சிப் போனா ரெண்டு. ரோட்டுக்குன்னு பெயிண்ட்டு வேற இருக்குது. அது மேல கண்ணாடி மணித்தூளு தூவோணும். பொடி சக்கரையாட்டம் இருக்கும். அதுதான் ராத்திரியில லைட்டு பட்டா மினுக்கும். இதெல்லாம் தெரியாம சும்மா வெள்ளையடிச்சு வெச்சிருக்கா. அதுவும் பாருங்க, அந்தப் பக்கத்து ஓரத்துக்குக் கோடே இல்லை. கருக்கம்பாளையத்துல இருந்து வர்றவனுக்கு? அவன் பள்ளத்துல போவட்டுமா?

அதுக்குத்தான் நேத்துப் போன் பண்ணுனா. "ஏனுங்க, நம்ம ஷெட்டுல கோடு போடற மெசினு ஒண்ணு படுதா போத்தி நிக்குதே, அத அனுப்பி வைக்க முடியுங்களா"ன்னா. எப்படித் தெரிஞ்சுதோ அவளுக்கு! டெண்டர் போடோணும்னா அந்த மெசினு சொந்தமா இருக்கோணும்னு விதி. அதுக்காக வாங்குனது. வந்து பாக்கறவங்களுக்குக் காட்டறதுக்கு. இது நாள் வரைக்கும் ரோட்டுல எறங்குனதே இல்லைங்க, டயர்ல மண்ணு ஒட்டலை. அதப்போயி ஓசியில குடுக்க முடியுங்களா? தொழில் என்னாவறது?

முடியாதுன்னு நேருக்கு நேராச் சொல்லிப்போட்டு வரலாம்னுதான் போறன். போன்ல சொன்னா மரியாதையா இருக்காதுங்க. அவ பேசுனா பேசட்டும். பேசலீன்னாலும் காபியாவது குடுப்பா. இல்லீன்னா மயில்சாமி குடுப்பான்.

கண்டக்டர்! கருக்கம்பாளையம், நிறுத்துங்க!

தம்பி, உங்க சீட்டுக்கு அடியில ஒரு மூட்டை இருக்குது பாருங்க, சித்தத் தூக்கிக் குடுங்க. பாத்து, கனமா இருக்கும். என்ன இருக்குதா? மணித்தூளுங்க. பெயிண்ட்டு ஈரமா இருக்கையிலயே தூவோணும், காஞ்சு போச்சுன்னா ஒட்டாது. அதெல்லாம் அவளுக்கு எங்கீங்க தெரியும்?